'கோ' போட்டாச்சு, அடுத்து என்ன போடுறது? டு, ஃபார், ஆன், பை குழப்பத்துக்கு ஒரு வழிகாட்டி

நம்ம பக்கம் இங்கிலீஷ் பேச ஆரம்பிக்கிறவுங்க யாரா இருந்தாலும், ராமேஸ்வரத்துல ஆட்டோ ஓட்டுற தம்பியோ, பாம்பன்ல ரூம் வாடகைக்கு விடுற அக்காவோ, கீழக்கரையில உக்காந்து துபாய் இன்டர்வியூவுக்கு ரெடியாகுற ஆளோ, முதல்ல கையில எடுக்குறது 'கோ'ங்கிற வினைச்சொல்தான். அதுவரைக்கும் ஈசி. அதுக்கு அடுத்த வார்த்தையிலதான் நாக்கு நிக்குது.

தமிழ்ல நமக்கு 'க்கு' ஒண்ணு போதும். மண்டபம் ஊருக்கு போறேன், வீட்டுக்கு போறேன், டூருக்கு போறேன், டீக்கு போறேன். இங்கிலீஷ்ல இந்த நாலும் நாலு விதம். முதல்லதுக்கு 'டு', ரெண்டாவதுக்கு ஒண்ணுமே கிடையாது, மூணாவதுக்கு 'ஆன்', நாலாவதுக்கு 'ஃபார்'. அப்ப 'க்கு'ன்னா 'டு'ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா நாலுல மூணு தப்பு. அதனால 'க்கு'வை பாக்காதீங்க, நீங்க சொல்ல வர்ற வாக்கியம் எந்தக் கேள்விக்கு பதில்னு பாருங்க. எங்க? எதுக்கு? எதுல? எது வழியா? கேள்வியை பிடிச்சுட்டா பின்னாடி என்ன போடணும்னு பெரும்பாலும் தானா வந்துரும். இங்க நான் இங்கிலீஷ் வார்த்தையை எல்லாம் சத்தப்படி தமிழ்லயே எழுதுறேன், ஸ்பெல்லிங் டிக்‌ஷனரில பாத்துக்கங்க.

முதல் படி: எங்க?

இடம்னா 'டு'. 'ஐ ஆம் கோயிங் டு ராம்நாட்', 'திஸ் பஸ் கோஸ் டு தேவிபட்டினம்'. ஆளைப் பாக்க போனாலும் டு (டு த டாக்டர்), விசேஷத்துக்கு போனாலும் டு (டு எ வெட்டிங்). இதுல பெருசா ஒண்ணும் இல்ல, சிக்கல் எல்லாம் டு-வுக்கு அடுத்து 'த' வருமா வராதாங்கிறதுலதான்.

ஸ்கூல், காலேஜ், சர்ச், பெட் இந்த மாதிரி சிலதுக்கு, அந்த இடம் எதுக்காக இருக்கோ அந்த காரியத்துக்கே போனா 'த' கிடையாது. பிள்ளை படிக்க போனா 'கோஸ் டு ஸ்கூல்', அப்பா ஃபீஸ் கட்ட போனா 'வென்ட் டு த ஸ்கூல்'. தங்கச்சிமடத்துல ஞாயித்துக்கிழமை பூசைக்கு போறவுங்க 'கோ டு சர்ச்', அதே சர்ச்சுக்கு பெயின்ட் அடிக்க போறவர் 'கோஸ் டு த சர்ச்'. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இந்த சலுகை பொதுவா இல்ல, எதுக்கு போனாலும் பெரும்பாலும் 'டு த டெம்பிள்', 'டு த மாஸ்க்'. ஏன்னு ரொம்ப யோசிக்காதீங்க, அந்த மொழி வளந்த ஊர்ல தெருவுக்கு தெரு இருந்தது சர்ச்சுதான்.

நம்ம கரைக்கு இதுல முக்கியமானது கடல். "எங்கண்ணே போறீக?" "தொழிலுக்குப்பா." இதை இங்கிலீஷ்ல சொல்லும்போது பசங்க 'மை ஃபாதர் கோஸ் டு த சீ'ன்னு சொல்றாங்க. அப்படி சொன்னா அப்பா ஃபேமிலியோட அரியமான் பீச்சுக்கு காத்து வாங்க போறாருன்னு அர்த்தமாகும். 'த'வை எடுத்துட்டு 'கோ டு சீ'ன்னா கடல்ல தொழிலா போறது, கப்பல்ல வேலைக்கு போறதுக்கும் இதுதான். துறைமுகத்துலேர்ந்து படகு கிளம்புறதை சொல்லணும்னா 'கோ அவுட் டு சீ'. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்குல்ல, அதை ஒரு டூரிஸ்ட் கேட்டா 'டியூரிங் த பேன் த டிராலர்ஸ் டோன்ட் கோ அவுட் டு சீ'ன்னு சொல்லிப் பாருங்க, மறுபடி கேக்க மாட்டாரு. மீன் பிடிக்கிறதை மட்டும் சொன்னா போதும்னா 'ஹி கோஸ் ஃபிஷிங்', டு-வும் இல்ல ஃபார்-ம் இல்ல, இதுக்கு அடுத்த படியில வர்றேன்.

வெளிநாட்டு பேர்லயும் இந்த 'த' விளையாடும். டு துபாய், டு சவுதி அரேபியா, டு மலேசியா, இதுக்கெல்லாம் வேண்டாம். டு த கல்ஃப், டு த யூஏஇ, டு த மால்டீவ்ஸ், இதுக்கெல்லாம் வேணும். அப்புறம் 'ஹி வென்ட் டு ஃபாரின்'னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றோம், நமக்குள்ள அது ஓடும், ஆனா இன்டர்வியூல வேண்டாம். அந்த இடத்துல வரவேண்டிய வார்த்தை 'அப்ராட்', அதுக்கு முன்னாடி டு போடக்கூடாது. 'ஹி வென்ட் அப்ராட்', முடிஞ்சுது.

இப்படி டு வேண்டாத வார்த்தைங்க கொஞ்சம்தான்: ஹோம், ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ், இன்சைட், அவுட்சைட். 'கோ டு ஹோம்' வேண்டாம், 'கோ ஹோம்' போதும். ஆனா 'ஹவுஸ்'னு சொன்னா டு வந்தே ஆகணும், 'ஐ ஆம் கோயிங் டு மை அங்கிள்ஸ் ஹவுஸ்'. இந்த எட்டை ஒரு பேப்பர்ல எழுதி வண்டி டேங்க் கவர்ல வச்சுக்கங்க.

ஆட்டோ தம்பிங்களுக்கு: 'வேர் ஆர் யூ கோயிங்?' இதுக்கு கடைசில டு தேவையில்ல. ஆனா 'விச்'னு ஆரம்பிச்சா டு கடைசில தொங்கும், 'விச் டெம்பிள் டஸ் திஸ் பஸ் கோ டு?' தமிழ்ல 'க்கு'வை பேரோட ஒட்டிச் சொல்லியே பழகுன நமக்கு, டு மட்டும் தனியா கடைசில போய் நிக்கிறது விநோதமாத்தான் இருக்கும். பரவாயில்ல, அதுதான் சரி.

இன்னொரு சின்ன விஷயம். 'கோயிங் டு'ங்கிறது இனிமே செய்யப்போறதுக்கும் வரும். 'ஐ ஆம் கோயிங் டு ஈட்'னா சாப்பிடப் போறேன். படத்துல வர்ற 'கானா'ங்கிற சுருக்கம் இந்த அர்த்தத்துக்கு மட்டும்தான், அதை எடுத்து 'ஐ ஆம் கானா மதுரை'ன்னு சொன்னா யாருக்கும் புரியாது.

ரெண்டாவது படி: எதுக்கு?

இங்கதான் நம்ம ஆளுங்க கூட்டமா மாட்டுறாங்க. 'கோ ஃபார் ஷாப்பிங்', 'கோ ஃபார் ஃபிஷிங்', 'கோ ஃபார் ஸ்விம்மிங்', எல்லா டீக்கடையிலயும் கேக்கலாம். நம்ம நாட்டுக்குள்ள இது புரியுது, யாரும் முகம் சுளிக்கிறது இல்ல. ஆனா ஐஇஎல்டிஎஸ் மாதிரி பரிட்சையில இது தப்புக் கணக்குல போகும்.

சரி பண்றது கஷ்டமில்ல. வினைச்சொல்லோட கடைசியில 'இங்' இருந்தா ஃபார் வேண்டாம்: கோ ஃபிஷிங், கோ ஷாப்பிங், கோ ஸ்விம்மிங். இங் இல்லாம முன்னாடி 'எ' இருந்தா ஃபார் வேணும்: கோ ஃபார் எ ஸ்விம், கோ ஃபார் எ வாக், கோ ஃபார் எ ரைடு. ஒண்ணு இங், இல்லேன்னா ஃபார் எ, ரெண்டையும் கலக்காதீங்க. பாசி எடுக்க போற சின்னப்பாலம் அக்காமாருங்களைப் பத்தி சொல்லணும்னா கூட 'த விமன் கோ டைவிங் ஃபார் சீவீட்'. இங்க ஃபார் வந்தது கோ-வுக்காக இல்ல, எதைத் தேடி முங்குறாங்கன்னு சொல்றதுக்கு.

சாப்பாடு, டீ எல்லாம் ஃபார் தான், நடுவுல எ கூட வேண்டாம்: 'லெட்ஸ் கோ ஃபார் லஞ்ச்', 'கோ ஃபார் டீ'. ஊர் பேருக்கு முன்னாடி மட்டும் ஃபார் போட்டுறாதீங்க. 'ஐ வென்ட் ஃபார் மதுரை'ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

ஃபார்-க்கு இன்னும் சில முகம் இருக்கு. ரெண்டு மெனுவுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா 'ஐ வில் கோ ஃபார் த ஃபிஷ் கறி'. ஏலத்துல இறால் நல்ல விலைக்குப் போச்சுன்னா 'த பிரான்ஸ் வென்ட் ஃபார் எ குட் பிரைஸ்'. நாய் பாஞ்சுச்சுன்னா 'த டாக் வென்ட் ஃபார் ஹிம்'. கடைசியா சொன்னதுல ஆள் ஓடணும்.

எதுக்குங்கிற கேள்வியிலயே இன்னொரு கூட்டம் 'ஆன்' பக்கம் நிக்கும். ட்ரிப், டூர், பில்கிரிமேஜ், லீவ், ஸ்ட்ரைக். யாத்திரையா ராமேஸ்வரம் வர்றவுங்க 'கோ ஆன் எ பில்கிரிமேஜ்', மீனவர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவிச்சா 'த ஃபிஷர்மென் ஹேவ் கான் ஆன் ஸ்ட்ரைக்'. கொஞ்ச நாளைக்கு ஒரு நிலைமையில இருக்கப் போறோம்னா ஆன். குட்டி நடை, குட்டி ரவுண்டுன்னா ஃபார் எ. இது நூத்துக்கு நூறு சரியா வராது, ஆனா பழகுற வரைக்கும் கைகொடுக்கும்.

மூணாவது படி: எதுல?

பொதுவா எந்த வகை வண்டின்னு மட்டும் சொன்னா 'பை': பை பஸ், பை ட்ரெயின், பை போட், பை ஆட்டோ. பை-க்கு அப்புறம் த, எ, மை எதுவும் வரக்கூடாது. நடந்து போறதுக்கு மட்டும் 'ஆன் ஃபுட்', 'பை வாக்' கிடையாது. சும்மா 'ஐ வாக்டு'ன்னு சொல்லிட்டா இன்னும் நல்லது, கோ-வே தேவையில்ல.

குறிப்பிட்ட வண்டின்னு வந்துட்டா பை போயிரும், 'இன்' அல்லது 'ஆன்' வரும். எழுந்து நின்னு உள்ள நடக்க முடிஞ்ச வண்டின்னா ஆன்: 'ஐ வென்ட் ஆன் த சேது எக்ஸ்பிரஸ்', ஆன் த பஸ், ஆன் எ ஷிப். குனிஞ்சு ஏறி உக்காந்தா இன்: இன் எ கார், இன் அன் ஆட்டோ. கால் ரெண்டு பக்கமும் போட்டு உக்காந்தா மறுபடி ஆன்: ஆன் எ பைக். வல்லம் மாதிரி சின்ன படகுன்னா இன், பெரிய விசைப்படகுன்னா ஆன். நம்ம பசங்க ரெண்டுலயும் போறதால ரெண்டும் தெரிஞ்சிருக்கணும்.

நாலாவது படி: எது வழியா?

இதைப் படிக்க புத்தகம் வேண்டாம், பாம்பன் பாலம் போதும். மண்டபம் பக்கம் போய் நின்னுக்கிட்டு கண்ணுக்குத் தெரியிறதை எல்லாம் ஒவ்வொரு வாக்கியமா சொல்லுங்க.

ரயில் பாலத்து மேல போகுது: 'த ட்ரெயின் கோஸ் ஓவர் த பிரிட்ஜ்'. அக்ராஸ்னும் சொல்லலாம், ரெண்டும் சரி. ஓவர்னா மேல போறது கண்ணுல நிக்கும், அக்ராஸ்னா இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு சேர்றது. ரோட்டை குறுக்கால கடக்குறதுக்கு அக்ராஸ் தான் வரும், ஓவர்னா பறந்து போற மாதிரி கேக்கும்.

கப்பல் எப்படிப் போகுதுங்கிறதுலதான் ருசியே இருக்கு. 1914-ல திறந்த பழைய ரயில் பாலத்துல நடுப்பகுதி ரெண்டு துண்டா இருந்துச்சு, கப்பல் வரும்போது ரெண்டு பக்கமும் அண்ணாந்து தூக்கிக்கும், நடுவுல வெறும் வானம். அப்ப கப்பல் அந்த இடைவெளிக்குள்ள புகுந்து போச்சு: 'ஷிப்ஸ் வென்ட் த்ரூ த கேப்'. 2025 ஏப்ரல் 6-ல திறந்த புது பாலத்துல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே படுத்தவாக்குல 17 மீட்டர் மேல ஏறி நிக்கும், கப்பலுக்குத் தலைக்கு மேல பாலம் இருக்கும். அதனால இப்ப 'ஷிப்ஸ் கோ அண்டர் த ஸ்பான்'. அந்தத் துண்டு ஏறுறதுக்கு 'த ஸ்பான் கோஸ் அப்', இறங்குறதுக்கு 'கோஸ் டவுன்'. ரெண்டு பக்கமும் ஏதாவது இருந்து நடுவுல போனா த்ரூ, மேல மூடியிருந்தா அண்டர், இதை இவ்வளவு தெளிவா காட்டுற இடம் வேற எங்க இருக்கு சொல்லுங்க. பக்கத்துலயே 1988-ல திறந்த ரோடு பாலத்துல பஸ் மெதுவா ஊருறதைப் பாத்தா 'த பஸ் கோஸ் அலாங் த பிரிட்ஜ்'. அலாங்னா நீளவாக்குல, அது ஓரமாவே போய்க்கிட்டே இருக்கிறது.

வழி சொல்லத் தெரிஞ்சா டூரிஸ்ட்கிட்ட பாதி மரியாதை வந்துரும். ராமேஸ்வரத்துலேர்ந்து மண்டபத்துக்கு வழி கேட்டா இப்படி: 'கோ அலாங் திஸ் ரோட், கோ பாஸ்ட் த கலாம் மெமோரியல், கோ த்ரூ தங்கச்சிமடம், தென் கோ ஓவர் த பிரிட்ஜ்'. பேக்கரும்புல இருக்க நினைவிடத்துக்குள்ள போகாம அதைத் தாண்டிப் போகணும், அதனால பாஸ்ட். தங்கச்சிமடம் ஊருக்குள்ள புகுந்து வெளிய வரணும், அதனால த்ரூ. தனுஷ்கோடி பக்கம் கேட்டா 'யூ கேன் கோ ஆஸ் ஃபார் ஆஸ் அரிச்சல்முனை'. இங்க 'ஃபார்' தூரத்தைக் குறிக்கிறது, முன்னாடி பாத்த ஃபார் இல்ல. 2017-ல ரோடு வந்ததுக்கு அப்புறம் காரே அதுவரைக்கும் போகுது, அதுக்கு முன்னாடி மணல்லயும் தண்ணியிலயும் வேன்லதான் போகணும்.

கோயிலுக்குள்ள பிரகாரம் சுத்துறதுக்கு 'கோ ரவுண்ட் த காரிடார்', 22 தீர்த்தத்துலயும் ஒவ்வொண்ணா குளிக்கிறதுக்கு 'கோ ஃப்ரம் வெல் டு வெல்'. அக்னி தீர்த்தத்துல தண்ணிக்குள்ள இறங்குனா 'கோ இன்டு த வாட்டர்'. வெளியிலேர்ந்து உள்ள நுழையிற அசைவு இருந்தா இன்டு. பின்னாடி இடமே சொல்லலேன்னா வெறும் 'கோ இன்', "வாங்க, உள்ள போங்க"ன்னு சொல்ற மாதிரி.

போய்ட்டு வந்தாரா, போயே இருக்காரா?

கல்ஃப் வீடுங்களுக்கு இது ரொம்ப அவசியம். 'மை ஹஸ்பண்ட் ஹேஸ் கான் டு கத்தார்'னா அவர் இன்னும் அங்கதான் இருக்காரு. 'ஹி ஹேஸ் பீன் டு கத்தார்'னா போய்ட்டு திரும்பி வந்துட்டாரு. விசா ஆபீஸ்ல இதை மாத்திச் சொன்னா அடுத்த கேள்வியெல்லாம் தப்புத்தப்பா வரும். உங்களைப் பத்தி சொல்லும்போது எப்பவும் பீன் தான், ஏன்னா நீங்கதான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கீங்களே. 'வென்ட்'ங்கிற கடந்தகாலம் கோ-ங்கிற சத்தத்தோட ஒட்டாம நிக்கிறதுக்கும் காரணம் இருக்கு, அது 'வெண்ட்' (wend)னு வேற ஒரு பழைய வினைச்சொல்லோட கடந்தகாலம், கோ அதை எடுத்து தன்னுதா வச்சுக்கிச்சு.

அஞ்சாவது படி: எங்கயும் போகாத 'கோ'

மேல உள்ளதெல்லாம் நாக்குல உக்காந்த பிறகு இதுக்கு வாங்க. சில இடத்துல 50 பிரேசல் வெர்ப்னு (வினைச்சொல்லோட ஆஃப், அவுட் மாதிரி ஒரு சின்ன வார்த்தை சேர்ந்து வேற அர்த்தம் குடுக்கிறது) ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்து முதல் நாளே கையில குடுத்துருவாங்க, அதை வச்சு யாரும் பேசக் கத்துக்கிட்டதா நான் பாக்கல. ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுவும் உங்க வீட்டுல உங்க தொழில்ல நடந்த விஷயத்தை வச்சு எழுதுங்க.

'கோ ஆஃப்' எடுத்துக்கங்க. ஐஸ் பத்தாம மீன் கெட்டுப்போச்சா, 'த ஃபிஷ் ஹேஸ் கான் ஆஃப்'. இது பிரிட்டிஷ் பழக்கம், அமெரிக்காகாரங்க 'கான் பேட்'னு சொல்லுவாங்க. அலாரம் அடிச்சாலும் 'வென்ட் ஆஃப்', வெடி வெடிச்சாலும் 'வென்ட் ஆஃப்', கரண்ட் கட்டாகி ஃபேன் நின்னாலும் 'வென்ட் ஆஃப்'. சத்தம் ஆரம்பிக்கிறதும் ஆஃப், மெஷின் நிக்கிறதும் ஆஃப், இதுல நியாயம் தேடுனா தூக்கம் போயிரும். விளக்கு அணைஞ்சா 'வென்ட் அவுட்'. தண்ணி வத்தி கடல் உள்வாங்குனா 'த டைட் ஹேஸ் கான் அவுட்'. ஆனா 'கோயிங் அவுட் வித்'துன்னு ஒரு பொண்ணு பேரையோ பையன் பேரையோ சேத்து சும்மா சொன்னா லவ் பண்றாங்கன்னு அர்த்தம், பாத்து.

'கோ ஆன்'னா தொடர்ந்து செய்யிறது, 'வாட்ஸ் கோயிங் ஆன்?'னா என்ன நடக்குது. 'கோ வித்'துன்னா ஒண்ணுக்கொண்ணு பொருந்துறது, 'திஸ் கறி கோஸ் வித் ரைஸ்'. 'கோ வித்தவுட்'னா இல்லாம சமாளிக்கிறது, தடைக்காலத்து வீட்டுக்கணக்கை இதை வச்சே சொல்லலாம்: 'வி வென்ட் வித்தவுட் மெனி திங்ஸ்'. 'கோ த்ரூ'ன்னா கஷ்டத்தை அனுபவிக்கிறது, பேப்பரை முழுசா படிச்சுப் பாக்குறதும் அதுதான். 'கோ ஓவர்'னா இன்னொரு தடவை சரிபாக்குறது. 'கோ பை'ன்னா நேரம் ஓடுறது, அதே கோ பை ஒண்ணை நம்பி நடக்குறதுக்கும் வரும்: 'வி கோ பை த விண்ட், நாட் பை த கிளாக்'. படகு மூழ்குனா 'வென்ட் டவுன்', கடை நட்டத்துல மூழ்குனா 'வென்ட் அண்டர்'.

ஒரு நல்ல செய்தி இருக்கு. 'டேக்', 'புட்' இதெல்லாம் நடுவுல பொருளை நுழைச்சுக்கும், 'டேக் இட் ஆஃப்' மாதிரி. கோ-வுல அந்த வேலை இல்ல. 'கோ ஓவர் த பில்'தான், 'கோ த பில் ஓவர்' வராது. கோ-வும் அடுத்த வார்த்தையும் ஒட்டியே இருக்கும்னு வச்சுக்கிட்டா பத்துல ஒம்பது தடவை தப்பாது.

பேசும்போது அழுத்தம் எங்க குடுக்கிறதுன்னும் கவனிங்க. ஆன், ஆஃப், அவுட் இதெல்லாம் வாக்கியக் கடைசில தனியா நின்னா அழுத்தம் அதுமேல: 'த லைட் வென்ட் அவுட்'ல அவுட் பலமா வரணும். பின்னாடி பேர் வந்தா அழுத்தம் பேர் மேல போயிரும்: 'கோ ஆன் எ ட்ரிப்'ல ட்ரிப் தான் கேக்கணும், ஆன் லேசா ஓடிரும். நம்ம ஆளுங்க எல்லா வார்த்தையையும் ஒரே பலத்துல அடிக்கிறோம், வெளிநாட்டுக்காரருக்கு அதனாலதான் சில நேரம் புரியாம போகுது.

பழகுறதுக்கு, வாரத்துக்கு ஒரு கேள்வி எடுங்க. முதல் வாரம் எங்க மட்டும், அடுத்த வாரம் எதுக்கு மட்டும். ராத்திரி அன்னைக்கு நீங்க போன இடத்தையெல்லாம் வாய்விட்டு சொல்லுங்க, எழுதுறதை விட இது நல்லா நிக்கும். சந்தேகம் வந்தா தமிழ் அர்த்தம் பாக்காம இங்கிலீஷ்-இங்கிலீஷ் லர்னர் டிக்‌ஷனரில கோ-ங்கிற பக்கத்துக்குப் போங்க. அர்த்தமெல்லாம் முடிஞ்ச பிறகு கீழ பிரேசல் வெர்ப்னு தனியா போட்டு உதாரணத்தோட குடுத்திருப்பாங்க, அந்த உதாரணத்துல ஊர் பேரை மட்டும் மாத்தி உங்க வாக்கியமா ஆக்கிக்கங்க.

இன்டர்வியூல உக்காந்திருக்கும்போது ஆன்-ஆ அவுட்-ஆன்னு திடீர்னு மறந்துபோச்சுன்னா, கோ-வையே விட்டுட்டு ஒத்தை வினைச்சொல்லைப் போடுங்க. கோ இன்டு வரலையா, 'என்டர்'. கோ அக்ராஸ் வரலையா, 'கிராஸ்'. கோ ஆன் வரலையா, 'கன்டினியூ'. கோ டவுன் வரலையா, படகுக்கு 'சிங்க்'. என்டருக்குப் பின்னாடி மட்டும் பழக்கத்துல இன்டு போட்டுறாதீங்க, 'என்டர் த ரூம்' போதும்.